ஐரோப்பாவில் குடும்பத்தோடு தங்க வாடகை வீடா, ஹோட்டலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரை, ஐரோப்பாவுக்குக் குடும்பத்தோடு செல்பவர்கள் ஹோட்டலைத் தவிர்த்து வாடகை வீடு எடுத்தால் தங்கும் செலவு பாதியாகக் குறையும் என்று முடிவாகவே சொல்லிவிட்டது. சென்ற ஆண்டு நான், என் மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் என ஆறு பேராகப் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ஃபுளோரன்ஸ் சென்று வந்தோம். முதல் இரண்டு இடங்களில் வாடகை வீட்டிலும் மூன்றாவதில் ஹோட்டலிலும் தங்கினோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஓர் இரவின் வாடகையை மட்டும் ஒப்பிட்டு இதை முடிவு செய்யக் கூடாது. ஓர் ஊரில் எத்தனை இரவு தங்கப் போகிறோம் என்பதில்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

வாடகை வீட்டு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வெறும் இரவு வாடகைதான். பணம் செலுத்தும் கட்டத்தில்தான் துப்புரவுக் கட்டணமும், முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணமும், பல இடங்களில் படுக்கை விரிப்புக்கும் துண்டுக்குமான தனிக் கட்டணமும் வந்து சேர்கின்றன. துப்புரவுக் கட்டணம் எத்தனை நாள் தங்கினாலும் ஒன்றே. அது 100 யூரோ என்று வைத்துக்கொண்டால், இரண்டு இரவு தங்குபவருக்கு இரவுக்கு 50 யூரோ கூடுகிறது. ஏழு இரவு தங்குபவருக்குப் பதினான்கு யூரோ சொச்சம்தான். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வட்டிக் கணக்குப் பார்த்த எனக்கே இது பாரிஸில் மூன்று இரவுக்குப் பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது.

அந்தப் பாரிஸ் வீடு நான்காம் மாடியில் இருந்தது. நூறாண்டுப் பழமையான கட்டடம், வளைந்து ஏறும் குறுகிய மரப்படி, லிஃப்ட் கிடையாது. விளம்பரத்தில் லிஃப்ட் உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லும் இல்லை. கேட்காமல் விட்டது எங்கள் தவறு. முழங்கால் வலியுள்ள என் மனைவி காலையில் இறங்கினால் இரவில்தான் மேலே ஏறுவது என்று தீர்மானித்துக்கொண்டார். கடைசி நாள் பதினொரு மணிக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு, மாலை ரயில் வரை ஆறு பெட்டிகளோடு அலைந்தோம். ஹோட்டலாக இருந்தால் வரவேற்பு மேசையில் பெட்டிகளை வைத்துவிட்டு ஊர் சுற்றியிருக்கலாம். ஃபுளோரன்ஸில் அதைத்தான் செய்தோம். அங்கே இரண்டே இரவு என்பதால் ஹோட்டலே சரியாக இருந்தது. ஆனால் இரண்டு அறைகளும் வெவ்வேறு தளங்களில் கிடைத்ததால், பிள்ளைகள் தாத்தா அறைக்கும் அப்பா அறைக்கும் லிஃப்டில் ஏறி இறங்குவதையே விளையாட்டாக்கிக் கொண்டார்கள்.

வாடகை வீட்டின் உண்மையான பயன் சமையலறையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இன்டர்லாகன் அருகே ஒரு சிற்றூரில் ஏழு இரவு தங்கினோம். ஆறு பேர் மூன்று வேளையும் உணவகத்தில் சாப்பிட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. காலையில் உப்புமா, கையில் கட்டிக்கொண்டு போக எலுமிச்சைச் சோறு, இரவில் ரசம் என்று ஓட்டியதில்தான் பயணச் செலவு கைக்கு அடங்கியது. இதிலும் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. அங்குள்ள பல வீடுகளில் இன்டக்ஷன் அடுப்புதான். நம் வீட்டு அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம் வேண்டும். கடுகு தாளித்த முதல் நாளே கூரையில் இருந்த புகை உணர்கருவி அலறி, பக்கத்து வீட்டுக்காரரை வாசலுக்கு வரவழைத்தது. வாராந்திர வாடகை வீடுகளுக்குப் பெரும்பாலும் சனிக்கிழமையில்தான் ஆள் மாறும். மறுநாள் ஞாயிறு, ரயில் நிலையக் கடைகள் போன்ற சில தவிர மற்றவை மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் பாலும் காய்கறியும் வாங்கியாக வேண்டும். குப்பையைக் கட்டணம் செலுத்தி வாங்கும் குறிப்பிட்ட பையில்தான் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

ஊரிலிருந்து பொருள் கொண்டு செல்வதிலும் கவனம் தேவை. இந்தியாவிலிருந்து செல்பவர்கள் பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்லத் தடை இருப்பதால், நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் இருக்கக் கூடாது. நோயும் பூச்சியும் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் கொண்டு போக முடியாது. தேங்காய்க்கு மட்டும் அந்த விதியில் விலக்கு இருப்பது ஏனோ எனக்கு மகிழ்ச்சி தந்தது. பாரிஸில் இந்தக் கவலையே இல்லை. லா சப்பேல் பகுதியில் இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலை முதல் இடியாப்ப மாவு வரை கிடைக்கிறது.

கட்டுரை அறவே தொடாத இன்னொரு பக்கம் சட்டம். பல ஐரோப்பிய நகரங்களில், குடியிருப்பு வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்குப் போய்விடுவதால் உள்ளூர் மக்களுக்கு வாடகை எட்டாக்கனியாகிவிட்டது என்ற கோபம் வளர்ந்துவருகிறது. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் நடந்த ஊர்வலத்தில் பயணிகள்மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். அந்நகரின் 10,101 சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப் போவதில்லை என்று மேயர் ஜௌமே கொல்போனி அதற்கு முந்தைய மாதமே அறிவித்திருந்தார். பாரிஸில் ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 நாள் வரை பயணிகளுக்கு விடலாம் என்றிருந்த வரம்பு, 2025 முதல் 90 நாளாகக் குறைந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் முழு வீட்டை விடுவதற்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 30 இரவு, ஒரே நேரத்தில் நான்கு பேர் என்ற வரம்பு உண்டு. எங்களைப் போன்ற ஆறு பேர் குடும்பத்துக்கு அந்த வழி அப்போதே அடைபட்டுவிடுகிறது. இத்தாலியில் 2025 தொடக்கம் முதல் ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம். அது விளம்பரத்திலும் கட்டடத்தின் வெளிப்புறத்திலும் தெரிய வேண்டும். தங்குபவர் விவரத்தை உரிமையாளர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அங்குள்ள சட்டம். ஆகவே அவர் பாஸ்போர்ட்டைக் கேட்டால் பதற வேண்டியதில்லை. பதிவு எண்ணே இல்லாத விளம்பரத்தைக் கண்டால்தான் பதற வேண்டும். அத்தகைய வீட்டை அதிகாரிகள் மூடினால், நடு இரவில் பிள்ளைகளோடு வேறு இடம் தேட வேண்டியவர் பயணிதான்.

விசாவும் இதோடு சேர்ந்ததே. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். முடிவு வழக்கமாகப் பதினைந்து நாளில் வந்தாலும், 45 நாள் வரை நீளலாம். 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு முன்பு வரை உள்ள பிள்ளைக்கு 45 யூரோ என்ற கட்டணம், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. அதோடு வீட்டு முன்பணமும் போனால் யார் தாங்குவது? ரத்து செய்தால் முழுப் பணமும் தரும் அறைகள் ஹோட்டல்களில் எளிதாகக் கிடைக்கின்றன. வாடகை வீடுகளில் பல பாதியைக்கூடத் தருவதில்லை.

இரண்டுக்கும் நடுவே, சமையலறையும் வரவேற்பு மேசையும் சேர்ந்த ஹோட்டல் வகை அடுக்ககங்களும் உண்டு. பிரான்சில் அடாஜியோ, சிட்டாடின் போன்ற நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. மூன்று நான்கு இரவுக்கு அவை பொருந்தும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அதைத்தான் முயலப் போகிறோம்.

எனவே இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, இரவு வாடகைக்குப் பதிலாக எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகை, தங்கும் நாள், வீட்டின் பதிவு எண், லிஃப்ட் வசதி, ரத்து விதி ஆகியவற்றையும் குறிப்பிடும்படி கட்டுரையாளர்களிடம் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருச்சிராப்பள்ளி.