கதிருக்கு, அந்த டாக்டர் சீரியல் பாத்துட்டு நீ சொன்னதுக்கு

கதிரு கண்ணு,

அமெரிக்காவுல நிஜமா இருந்த ஒரு சர்ஜனைப் பத்தின "டாக்டர் டெத்" சீரியல் எட்டு எபிசோடையும் நானும் பாத்து முடிச்சிட்டேன், நீ சொன்னியேன்னுதான். முடிச்ச கையோட உன் வாய்ஸ் மெசேஜையும் இன்னொரு தடவை கேட்டேன், "பெரியப்பாவ கொன்னவனையும் இதே மாதிரி கூண்டுல ஏத்தணும்க்கா, செந்திலண்ணன ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லு"ன்னு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கப்புறம் நம்ம பெரியப்பா தவறிப் போனதைத்தான் சொல்றே, செந்திலண்ணன் அவரோட மகன். உன் கோபத்துல ஒரு தப்பும் இல்ல. ஆனா நீ பாத்த சீரியல்தான் நானும் பாத்தேனான்னு சந்தேகமே வந்துடுச்சு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். பொதுவுல போடறதுக்குக் காரணம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வைத்தியம்னா கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும்தான் ஓடறாங்க, அவங்க யாருக்காவது ஆகும்.

நீ கடைசி கோர்ட் சீனுக்குக் கை தட்டினதா சொன்னே. அந்த ஆளு, கிறிஸ்டோபர் டன்ட்ஷ், நிஜத்துல எதுக்காக ஆயுள் தண்டனை வாங்கினான்னு கவனிச்சியா? அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல, டாலஸ் பக்கம் ரெண்டு வருஷத்துக்குள்ள 38 பேருக்கு முதுகுலயும் கழுத்துலயும் ஆபரேஷன் பண்ணினான், அதுல 33 பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு, 2012ல ரெண்டு பொம்பளைங்க செத்தே போனாங்க. அந்த ரெண்டு சாவுக்கும் அவனுக்குத் தண்டனை கிடையாது கதிரு. 2017 பிப்ரவரியில நடந்த விசாரணை உயிரோட இருந்த ஒரு பாட்டியோட கேஸ் மட்டும்தான், ஆபரேஷன் நடந்தப்போ அவங்களுக்கு 74 வயசு. வயசானவங்களுக்குக் காயம் உண்டாக்கினா ஆயுள் வரைக்கும் போடலாம்னு டெக்சாஸ் சட்டத்துல இருக்கு, அதைத்தான் அரசு வக்கீல் மிஷேல் ஷூகார்ட் பிடிச்சாங்க. அதுக்கும் மேல, அந்தம்மா உடம்பே சாட்சியா இருந்துச்சு. ராபர்ட் ஹெண்டர்சன்னு ஒரு சர்ஜன், சீரியல்ல அலெக் பால்ட்வின் பண்றாரே அவரு, அந்தம்மாவுக்கு மறுபடியும் ஆபரேஷன் பண்ணிப் பாத்தாரு, எலும்புல இருக்க வேண்டிய ஸ்க்ரூ சதையில இருந்துச்சு, ஒரு நரம்போட வேரே அறுந்து போயிருந்துச்சு. இவன் நெசமாவே டாக்டர்தானா, இல்ல டாக்டர் பேர்ல வேற எவனாவது வந்து நிக்கறானான்னு அவன் படிச்ச யூனிவர்சிட்டிக்கு போட்டோ அனுப்பிக் கேட்டாரு அந்த மனுஷன். அது கதைக்காக வெச்சதில்ல, நடந்தது.

டன்ட்ஷா வர்ற ஜோஷுவா ஜாக்சன் நல்லாதான் நடிச்சிருக்கான், சிரிப்பே வயித்தைக் கலக்குது. ஆனா டைரக்டருங்க அந்த ஆளோட மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு தேடறதுலயே பாதி நேரத்தைப் போக்கிட்டாங்க, ஃபுட்பால், போதை, காதலின்னு. எனக்கு அதுல ஆர்வமே வரல. ஓடியில, அதாவது ஆபரேஷன் தியேட்டர்ல, வேலை செய்யறவளுக்கு கண்ணு எங்க போகும்? பின்னாடி நிக்கற நர்ஸுங்க மேலதான். அவங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும். கை எப்படிப் போகுதுன்னு பாத்தாலே தெரியும்டா, பத்து நிமிஷம் போதும். படிப்புக் காலத்துல 100 ஆபரேஷன் கூடப் பண்ணாம வெளிய வந்தவன் அவன், ஆயிரம் பக்கம் பண்ணிட்டுத்தான் அந்த ஊர்ல சாதாரணமா வெளிய விடுவாங்களாம்.

சீரியல்ல எனக்குத் தூக்கம் கெட்டது கோர்ட்டுல இல்ல, அந்த லெட்டர்ல. முதல் ஆஸ்பத்திரியில ஒருத்தங்க செத்தப்புறம் அவன நிறுத்தினாங்களா, டிஸ்மிஸ் பண்ணினாங்களா? தானா ராஜினாமா பண்ணிக்கோன்னு விட்டுட்டு, உன் மேல இருந்த பிரச்சனையெல்லாம் முடிஞ்சதுன்னு ஒரு கடுதாசியும் குடுத்து அனுப்பினாங்க. நீக்கியிருந்தா டாக்டருங்க மேல எடுக்கற நடவடிக்கையைப் பதிஞ்சு வைக்கற தேசிய டேட்டா பேங்குக்கு சொல்லணும், அவன் கேஸ் போடுவான், ஆஸ்பத்திரி பேரு நாறும். தானா ராஜினாமா பண்ணினதா காட்டினதால அந்த டேட்டா பேங்குக்கு அவங்க ஒண்ணும் சொல்லல. அவன் நேரா அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனான், அங்கதான் ரெண்டாவது சாவும் அந்தப் பாட்டியும், அடுத்தடுத்த நாள்ல. ஹெண்டர்சனும் இன்னொரு சர்ஜன் ராண்டல் கிர்பியும் கத்திக் கத்திச் சொல்லியும் டெக்சாஸ் மெடிக்கல் போர்டு அவன் லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணினது 2013 ஜூன்லதான். போதாக்குறைக்கு 2003லயே டெக்சாஸ்ல ஒரு சட்டம் கொண்டாந்து, வலிக்கும் வேதனைக்கும் டாக்டர்கிட்ட வாங்கற நஷ்ட ஈடு 2,50,000 டாலருக்கு மேல கூடாதுன்னு கட்டிப் போட்டிருந்தாங்க, அதனால வக்கீலுங்களே கேஸை எடுக்கத் தயங்கினாங்க. கடைசியில ஜெயில்ல இருக்கறது யாரு? அவன் ஒருத்தன். பிரேக் பிடிக்காத பஸ்ஸுன்னு தெரிஞ்சே ரோட்டுல விட்ட முதலாளி வீட்ல இருக்கான், டிரைவர் மட்டும் உள்ள.

இப்ப பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன்.

செந்திலண்ணன் சொன்னதை நான் ரெண்டு மூணு தடவை கேட்டு எழுதி வெச்சிருக்கேன். ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னாங்க, மறுநாள் சாயந்தரமே வயிறு உப்ப ஆரம்பிச்சிருக்கு, ராத்திரி வேர்த்துக் கொட்டுது, மானிட்டர்ல பல்ஸ் 130ன்னு அண்ணனே பாத்திருக்கான், டியூட்டி டாக்டர் வந்து கேஸ் டிரபிள்னு ஒரு ஊசி போட்டுட்டுப் போயிருக்காரு. ஆபரேஷன் பண்ணின சர்ஜன் அந்த ஆஸ்பத்திரி ஆளே இல்ல, விசிட்டிங், நாலு இடத்துக்குப் போறவரு, காலையில வந்தப்போ பெரியப்பா வென்டிலேட்டர்ல. கத்தி வெச்சதுல தப்பு இருந்துச்சான்னு நான் இங்க உக்காந்துட்டு சொல்லக் கூடாது. குடல்ல ஓட்டை விழறது, உள்ள ரத்தம் கசியறது, இதெல்லாம் கைதேர்ந்த சர்ஜன் கையிலயும் நடக்கும், கன்சென்ட் ஃபார்ம்லயே அச்சடிச்சு வெச்சிருப்பாங்க. நடந்ததுக்கப்புறம் அந்த ராத்திரி எத்தனை மணிக்கு யாரு யாருக்கு போன் பண்ணினாங்க, சர்ஜனுக்கு சொன்னாங்களா, சொல்லியும் அவர் வரலையா, இதுதான் என் கேள்வி. அப்ப குத்தவாளி யாருன்னு நீயே சொல்லு, ஊசி போட்ட அந்த டியூட்டி பையனா? அவனுக்கு எத்தனை வார்டு அன்னிக்குன்னு நமக்குத் தெரியுமா?

ஸ்டேஷனுக்குப் போனா என்ன ஆகும்னும் சொல்றேன். 2024 ஜூலை 1ல இருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 304ஏ பிரிவு போயி, புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 106 வந்திருக்கு, கவனக்குறைவால சாவுன்னா மத்தவங்களுக்கு 5 வருஷம் வரைக்கும், வைத்தியம் பண்ணும்போது டாக்டருக்குன்னா 2 வருஷம் வரைக்கும். அதுக்கும் முன்னாடி 2005ல சுப்ரீம் கோர்ட் ஜேக்கப் மேத்யூ கேஸ்ல ஒரு வழிமுறை சொல்லியிருக்கு, போலீஸ்காரங்க சம்பந்தமில்லாத வேற டாக்டர்கிட்ட, முடிஞ்சா கவர்மெண்ட் டாக்டர்கிட்ட, கருத்து வாங்கணும், புகார் வந்த உடனே அரெஸ்ட்னு கிளம்பக் கூடாதுன்னு. அந்தக் கேஸ் என்ன தெரியுமா? லூதியானாவுல ஒரு ஆஸ்பத்திரி, 1995, மூச்சு முட்டற பேஷண்ட்டுக்கு ஆக்சிஜன் மாட்டறாங்க, சிலிண்டர் காலி. வேற சிலிண்டர் கொண்டு வர்றாங்க, அதை ஓட வைக்க ஏற்பாடு இல்ல. மனுஷன் போயிட்டாரு. டாக்டர் மேல கிரிமினல் கேஸ் நிக்காதுன்னு கோர்ட் அதைத் தள்ளிடுச்சு, ஆனா சிலிண்டர் வெச்சிருக்கற ஆஸ்பத்திரி சிவில் முறையில பதில் சொல்ல வேண்டி வரலாம்னும் சொல்லிச்சு. படிச்சப்போ எனக்கும் கோபம் வந்துச்சு, இப்ப யோசிச்சா சிலிண்டரை நிரப்பி வைக்காதது அந்த ராத்திரி ஓடி வந்த டாக்டர் இல்லையேன்னு தோணுது.

நமக்கு இன்னொரு சிக்கல், போஸ்ட்மார்ட்டம் இல்ல. அன்னிக்கே ஆம்புலன்ஸ்ல வேலந்தாவளம் வழியா கொண்டாந்து மறுநாள் எரிச்சாச்சு. அந்தப் பாட்டிக்கு உடம்பு சாட்சி சொல்லிச்சு, நமக்கு உடம்பே இல்ல, அப்ப எந்த டாக்டர் எதை வெச்சுக் கருத்து எழுதுவாரு?

கிரிமினல்னா நியாயம்னு நினைக்காதே, இன்னொரு பக்கமும் பாரு. 2022 மார்ச்ல ராஜஸ்தான் தௌசாவுல பிரசவத்துக்கப்புறம் ரத்தப்போக்குல ஒரு பொண்ணு செத்துப் போச்சு, கூட்டம் கூடி மறியல் பண்ணி, போலீஸ் அந்த லேடி டாக்டர் மேல கொலைக் கேஸே போட்டாங்க, அவங்க மறுநாள் தூக்குல தொங்கிட்டாங்க. பிரசவத்துல ரத்தப்போக்கு யார் கையிலயும் வரும்டா. இங்க கேரளாவுலயே, கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல 2017ல சிசேரியன் பண்ணின பொண்ணு வயித்துல இருந்து 2022ல ஆபரேஷன் கத்தரிக்கோல் மாதிரி ஒரு கிளாம்ப் எடுத்தாங்களே, அந்தப் பொண்ணு தெருவுல உக்காந்து போராடினப்புறம் போலீஸ் போட்ட குற்றப்பத்திரிகையில ரெண்டு டாக்டரோட ரெண்டு நர்ஸும் இருந்தாங்க. அது எங்க இருந்து வந்ததுன்னே மெடிக்கல் போர்டு ஒண்ணு சொல்லுது போலீஸ் ஒண்ணு சொல்லுது. அதுல இருந்து எங்க ஓடியில கவுண்ட் எடுக்கும்போது, அதாவது உள்ள ஒண்ணும் விட்டுடலையான்னு கருவியெல்லாம் எண்ணும்போது, யாராவது பேச்சுக் குடுத்தா நான் முறைக்கறேன். அந்தப் பொண்ணுக்கு நடந்தது அநியாயம், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

அதனால செந்திலண்ணனுக்கு நான் சொல்லப் போறது வேற. முதல்ல பேப்பர். டெத் சம்மரின்னு ரெண்டு பக்கம் குடுத்திருக்காங்க, அதை வெச்சு ஒண்ணும் ஆகாது. முழு கேஸ் ஷீட்டும் கேட்டு எழுத்துல குடுக்கணும், கவுண்டர்ல ஒரு காப்பியில சீல் வாங்கணும், வாங்க மாட்டேன்னா ரிஜிஸ்டர் போஸ்ட். கேட்ட 72 மணி நேரத்துல தரணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதியிலயே இருக்கு, 3 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும்னும் இருக்கு. முக்கியமா நர்ஸஸ் நோட்ஸும் மானிட்டரிங் சார்ட்டும். டாக்டர் நோட்ஸ அப்புறமா உக்காந்து அழகா எழுதிடலாம், நர்ஸ் சார்ட்ல மணிக்கு மணி பல்ஸ், பிபி, யூரின்னு போயிட்டே இருக்கும், நடுவுல ஒரே பேனாவுல ஒரே ஸ்டைல்ல ஆறு மணி நேரம் நிரப்பியிருந்தா பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடும்.

அந்தப் பேப்பரை பாலக்காட்டுல வேற சர்ஜன்கிட்ட காட்டுவோம். அவர் தப்புன்னு எழுதிக் குடுத்தா கன்ஸ்யூமர் கோர்ட். இது அந்த டியூட்டி பையனை விட்டுட்டு ஆஸ்பத்திரியையே நேரா இழுக்கும், ராத்திரி சர்ஜன் இல்லாம ஆபரேஷன் கேஸை வெச்சிருந்தீங்களேன்னு. 1995லயே சுப்ரீம் கோர்ட் காசு வாங்கிப் பண்ற வைத்தியம் கன்ஸ்யூமர் சட்டத்துல வரும்னு சொல்லிடுச்சு. அதுக்காக கோயமுத்தூருக்கு அலையவும் வேண்டாம், 2019 சட்டத்துல புகார் குடுக்கறவங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், பாலக்காடு மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன் போதும். பார்டர் ஜனங்களுக்கு இவ்ளோ உதவியா ஒரு சட்டம் இருக்குன்னு நம்ம பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது, வாளையாறு தாண்டினா எல்லாமே போச்சுன்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அது மட்டும் ஞாபகம். அந்த சர்ஜன் மேல மெடிக்கல் கவுன்சில் புகாருன்னா அது தமிழ்நாடு கவுன்சிலுக்குத்தான், அவர் அங்கதான் ரிஜிஸ்டர் பண்ணியிருக்காரான்னு முதல்ல பாக்கணும். இவர் இங்க நம்ம பக்கத்து நர்சிங் ஹோமுக்கும் வர்றாருன்னு ஒருத்தர் சொன்னாங்க, அதை நான் விசாரிச்சுட்டு இருக்கேன். டன்ட்ஷும் டெக்சாஸ்ல எல்லாம் முடிஞ்சதும் கொலராடோங்கற வேற மாநிலத்துக்குத்தான் போனான்.

நீ பணம் அனுப்பறேன்னு சொன்னியே, இப்போதைக்கு வெச்சிரு. ஆஸ்பத்திரி பில் அஞ்சு லட்சத்துக்குள்ளதான், அதுக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்ல ஃபீஸே கிடையாது. வக்கீலுக்கும் சர்ஜன் ஒப்பீனியனுக்கும் தேவைப்படும்போது கேக்கறேன். பெரியம்மாவ இதுக்குள்ள இழுக்க வேண்டாம், மகன் வாரிசுங்கற முறையில செந்திலண்ணன் கையெழுத்துப் போட்டா போதும். நீ இன்னிக்கே அண்ணனுக்கு போன் போட்டு, அந்த ராத்திரி அவன் போன்ல இருந்து யார் யாருக்குக் கூப்பிட்டான்னு கால் லிஸ்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லு, போன் மாத்தப் போறேன்னு வேற சொல்லிட்டு இருந்தான்.

அக்கா