கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

ஐயா,

உசிலம்பட்டியில் இருந்து விடியற்காலை 4 மணிக்கு மல்லிகை மூட்டையோடு எக்ஸ்எல் வண்டியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறவன் நான். எதிரே வரும் கார்களில் பாதிக்கு மேல் ஹை பீம்தான். நான் டிம் அடித்துக் காட்டினாலும் குறைப்பதில்லை.

போன வாரம் கருமாத்தூர் பக்கம் ஒரு கார் கடந்ததும் கண்ணுக்குள் வெள்ளையாகவே நின்றது. லைட் இல்லாமல் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லர் ஒரு முழ தூரத்தில்தான் தெரிந்தது. பிரேக் அடித்ததில் மூட்டை சரிந்து பூவெல்லாம் ரோட்டில். சரி, பூ போனால் போகட்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முன்பு ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிவிடுவார்கள். இப்போது கூடுதலாக எல்இடி விளக்கு வேறு மாட்டுகிறார்கள். போலீசார் இரவிலும் நின்று இதைப் பிடிக்க வேண்டும். கார் ஓட்டும் அண்ணன்மாரே, ஒரு விரலால் தட்டினால் வெளிச்சம் இறங்கிவிடும்.

- பூ வியாபாரி, உசிலம்பட்டி