கைப்பேசிப் பெட்டியில் டவர் விவரமும் வேண்டும்: தொலைத்தொடர்புத் துறைக்கும் ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அறந்தாங்கியில் கைப்பேசி விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். எங்கள் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று ஆள் போகாத தெருவே கிடையாது. லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் கோடாலித் தைலத்தோடும் சாக்லேட்டோடும் ஒரு செட்டும் வரும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குத் தாங்கள் பயன்படுத்திய செட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாளே அது என் மேசைக்கு வந்துவிடும். "அண்ணே, இது அன்லாக் செட்டுதான், விசாரிச்சுத்தான் வாங்கினோம். அப்புறம் ஏன் டவர் எடுக்க மாட்டேங்குது?"

உள்ளூரில் பில் போட்டு வாங்கிய செட்டோடும் இதே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். அதனால்தான் இந்த மடல். ஒரு செட் நம் நாட்டின் எந்த நெட்வொர்க்கில் பேசும், எதில் பேசாது என்பதைப் பெட்டியின் மேலேயே, எல்லோருக்கும் புரிகிற மாதிரி அச்சிட வைக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

லாக் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நெட்வொர்க் நிறுவனங்கள் தவணையில் செட் கொடுக்கும்போது தங்கள் சிம் மட்டும் வேலை செய்கிற மாதிரி பூட்டிக் கொடுக்கின்றன. தவணை முழுவதும் கட்டி, அந்த நிறுவனம் தன் கணினியில் திறந்துவிட்டால்தான் மற்ற சிம் ஏறும். கடைக்காரனால் அதைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சிம்முக்கு அடியில் ஒரு மெல்லிய சில்லை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். அடுத்த அப்டேட் வந்ததும் செட் பழையபடி பூட்டிக்கொள்ளும். மகன் அனுப்பிய செட்டுக்கு ஓர் அம்மா இப்படிப் பணம் கொடுத்து ஏமாந்து, கடைசியில் என்னிடம் வந்தார். செட்டிங்ஸில் பார்த்தால் 'சிம் லாக்டு' என்று பளிச்சென்று இருக்கிறது. டல்லஸில் இருக்கும் மகன் மீதித் தவணையைக் கட்டிய பிறகுதான் அது சரியானது.

லாக் இல்லை என்றால், எந்த சிம்மையும் செட் ஏற்றுக்கொள்ளும். அவ்வளவுதான். அந்த சிம்முக்குரிய டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறதோ அதைக் கேட்கும் பாகம் செட்டுக்குள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தப் பாகம் இருந்தாலும் நம் நெட்வொர்க்கோடு பேச மென்பொருளில் அனுமதி இருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. வாங்குகிறவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்ற இரண்டுக்கும் பதில் எங்கே இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

அலைவரிசையைப் பார்ப்போம். ஒவ்வொரு அலைவரிசைக்கும் பேண்ட் என்று ஓர் எண் உண்டு. ஜியோ 4ஜிக்குப் பயன்படுத்துவது பேண்ட் 3, 5, 40. இதில் பேண்ட் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருவது இந்த மாதிரி தாழ்ந்த அலைவரிசைதான். பேண்ட் 40 இருந்து 5 இல்லாத செட்டை வாங்கினால் வாசலில் நெட் ஓடும், சமையலறைக்குள் போனால் செத்துவிடும். 'வீட்டுக்குள்ள டவரே இல்ல' என்று சிம்மை மாற்றிப் பார்ப்பார்கள், போர்ட் செய்வார்கள். செட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

பிஎஸ்என்எல்லில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றியதும் நாடு முழுக்க நிறைய பேர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினார்கள். எங்கள் ஊரிலும் மாறினார்கள். பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது. 700க்குப் பெயர் பேண்ட் 28. நம் நாட்டில் சில ஆண்டுகளுக்கு முன் விற்ற 4ஜி செட்டுகள் பலவற்றில் பேண்ட் 28 கிடையாது. அப்போது அந்த அலைவரிசையை இங்கே யாரும் 4ஜிக்கு எடுக்கவில்லை, அதனால் கம்பெனிகளும் வைக்கவில்லை. ஒரே சிம்மை இரண்டு செட்டில் மாற்றி மாற்றிப் போட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் 4ஜி நாலு கட்டை, மற்றதில் 2ஜி. சிம்மும் ஒன்று, டவரும் ஒன்று. செட்டின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அரசாங்க நெட்வொர்க் என்றாலே இப்படித்தான் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தார். நெட்வொர்க் மேல் தப்பே இல்லை. 2025 செப்டம்பர் 27 அன்று பிரதமர் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இவ்வளவு உழைப்பில் எழுந்த டவர் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், காரணம் அந்த வீட்டில் இருக்கும் செட்டாகவும் இருக்கலாம். அந்த வீட்டாருக்கு அது தெரிய வேண்டாமா?

அடுத்தது பேச்சு. ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 2ஜி, 3ஜி இல்லாமல்தான் வந்தது. அதில் கால் போவது, 4ஜியிலேயே குரலை அனுப்பும் வோல்டிஇ வழியாக மட்டுமே. வெளிநாட்டு ஆண்ட்ராய்டு செட் சிலவற்றில் ஜியோவுக்கான வோல்டிஇ அமைப்பு இருக்காது. நெட் ஓடும், யூடியூப் ஓடும், நம்பரை அழுத்தினால் கால் போகாது. மற்ற சிம் என்றால் கால் பேசும் நேரத்துக்கு செட் 2ஜிக்கு இறங்கிச் சமாளித்துக்கொள்ளும், அதனால் பிரச்சினை வெளியே தெரியாது. 2ஜியும் ஒரு நாள் போகத்தான் போகிறது. ஏர்டெல் தன் 3ஜியை ஏற்கெனவே மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியபோது, அவசர எண்ணுக்கு அழைக்க முடியாத செட்டுகளை நெட்வொர்க்கிலிருந்தே விலக்கும்படி அரசு சொல்லியது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் 3ஜி போனது. அங்கே வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் பழைய செட்டை அப்போது மாற்றினார்கள். இங்கே அந்த நாள் வரும்போது 112க்கு எந்த செட்டில் கால் போகும், எதில் போகாது என்று கிராமத்தில் இருக்கும் வயதானவர்களுக்கு யார் சொல்வது?

5ஜியில் சிக்கல் இன்னும் கூடுதல். 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியது. ஐபோன் 12 முதல் எல்லாவற்றிலும் 5ஜிக்கான பாகம் உள்ளே இருந்தும், டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும் வரை இங்கே 5ஜி ஓடவில்லை. லட்ச ரூபாய் செட்டுக்கே அந்தக் கதி. அது அப்டேட்டில் சரியாகிவிட்டது. விலை குறைந்த செட்டில் அப்படி நடக்காது. ரெட்மி ஏ4 5ஜி 2024 நவம்பரில் ₹8,499க்கு வந்தது. அதிலிருந்த சில்லு எஸ்ஏ வகை 5ஜியை, அதாவது 4ஜியின் துணை இல்லாமல் தனியாக ஓடும் 5ஜியை மட்டும் எடுக்கும். ஜியோவின் 5ஜி அந்த வகை. ஏர்டெல்லின் 5ஜி அப்போது பெரும்பாலும் 4ஜியின் துணையோடு ஓடும் என்எஸ்ஏ வகை. ஆக, ஏர்டெல் வாடிக்கையாளர் அதை 5ஜி செட் என்று வாங்கினாலும் 4ஜியில்தான் ஓட்ட வேண்டும். கம்பெனி இதைத் தன் இணையப் பக்கத்தில் சொல்லியிருந்தது, மறைக்கவில்லை. ஆனால் எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு செட் வாங்குகிறவர் அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பு வரை போய்ப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்த விவரம் அதிகமாகத் தேவைப்படுவதும் அவருக்குத்தான். விலை ஏற ஏற செட்டில் எல்லா பேண்டும் வந்துவிடுகிறது. ஒவ்வொரு பேண்டுக்கும் பாகம் வேண்டும், பாகத்துக்குக் காசு வேண்டும் என்பதால் வெட்டு எப்போதும் கீழ்விலையில்தான் விழுகிறது.

அச்சிட இடமில்லை என்று கம்பெனிகள் சொல்ல முடியாது. அதிகபட்ச விலை, தயாரான நாடு, மாதம், புகார் எண் எல்லாம் பெட்டியில் ஏற்கெனவே இருக்கின்றன. கதிர்வீச்சு அளவான சார் மதிப்பு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது, வாங்குகிறவருக்கு அதைத் தெரியப்படுத்தவும் வேண்டும் என்று உங்கள் துறைதான் விதி கொண்டுவந்தது. இன்று *#07# அழுத்தினால் திரையில் வருகிறது. குளிர்பெட்டியின் நட்சத்திர ஸ்டிக்கரைப் பார்த்து எங்கள் ஊரில் படிக்காதவர்கள்கூட "அஞ்சு ஸ்டார் குடு" என்று கேட்டு வாங்குகிறார்கள். பேண்ட் விவரமும் இப்போது எங்கோ இருக்கத்தான் செய்கிறது. 'பி1/பி3/பி5/பி8/பி40' என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதை யார் படித்துப் புரிந்துகொள்வது? பெட்டியின் பக்கவாட்டில் ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் என்று நான்கு பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே கால் பேசுமா, 4ஜி முழுதாக வருமா, 5ஜி வருமா. தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழிலும் இருக்கட்டும். ஆன்லைனில் விற்கும் பக்கத்திலும், பழைய செட்டைப் புதுப்பித்து விற்கும் நிறுவனங்களின் பில்லிலும் இதே அட்டவணை வேண்டும். ஒரே நெட்வொர்க்குக்கென்று பூட்டி விற்கும் செட் நம் நாட்டிலும் உண்டு. ஜியோபோன் அப்படித்தான் வந்தது. அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் பூட்டு உண்டு என்பது விலைக்குப் பக்கத்தில், விலை அளவு எழுத்தில் இருக்க வேண்டும். கனடா 2017 டிசம்பரிலும் பிரிட்டன் 2021 டிசம்பரிலும் நிறுவனங்கள் பூட்டி விற்பதையே தடை செய்தன.

நெட்வொர்க் மாறிக்கொண்டே இருக்கும், இன்று அச்சிட்டது நாளை பொருந்தாது என்ற பதில் வரலாம். சரி, 'இந்த மாத நிலவரப்படி' என்று தேதி போட்டு அச்சிடட்டும். டிராய் உத்தரவின்படி இப்போது ஒவ்வொரு நிறுவனமும் எந்த ஊரில் எந்தச் சேவை கிடைக்கிறது என்று வரைபடம் வெளியிடுகிறது. மிக நல்ல வேலை, மனதார நன்றி சொல்கிறேன். அதில் டவர் இருக்கும் இடம் தெரிகிறது. அந்த டவரை என் கையிலிருக்கும் செட் எடுக்குமா என்பதும் தெரிந்தால்தான் அந்த வரைபடத்தால் முழுப் பயன்.

பழைய செட்டுக்கும் வெளிநாட்டு செட்டுக்கும் பெட்டியில் அச்சிட முடியாது. அதற்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. *#06# அழுத்தி வரும் செட்டின் அடையாள எண்ணான பதினைந்து இலக்க ஐஎம்இஐயை, முன்னால் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டு 14422க்கு அனுப்பினால் கம்பெனி, மாடல் எல்லாம் பதிலாக வருகிறது. உங்கள் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதைப் பார்க்கலாம். திருட்டு செட்டைக் கண்டுபிடிக்க நான் தினமும் பயன்படுத்துகிறேன். மாடல் தெரிந்த பிறகு அது எந்த பேண்ட் எடுக்கும் என்று சொல்ல இன்னொரு பட்டியல் மட்டும்தான் வேண்டும். அதே பதிலில் நான்கு நெட்வொர்க்குக்கும் ஆளுக்கொரு வரி சேர்த்துவிடுங்கள்.

அது வரும் வரை என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கும் யாருக்காவது உதவும். செட்டின் பெயரை வைத்து வாங்காதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள். கேலக்ஸி எஸ்24 என்ற ஒரே பெயரில் எஸ்921பி வேறு, அமெரிக்காவில் விற்கும் எஸ்921யு வேறு. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கீழே 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14இலிருந்து சிம் போடும் தட்டே இல்லை. ஐபோன் 17இலிருந்து துபாய், சவுதி, கத்தார், குவைத் செட்டுகளிலும் இல்லை. அதற்கு அட்டை இல்லாமல் செட்டுக்குள்ளேயே பதிவாகும் இசிம் எடுக்க வேண்டும், பெரியவர்களுக்கு வாங்கும்போது இதை யோசித்துக்கொள்ளுங்கள். கூரியரில் அனுப்புவதைவிட ஆள் நேரில் வரும்போது வாங்கி வருவது நல்லது. வந்த அன்றே அவரவர் சிம்மைப் போட்டு, வீட்டின் உள்ளறையில் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். பேசும்போது மேலே 4ஜி குறி அப்படியே நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் வோல்டிஇ வேலை செய்கிறது.

டிராய் எதையும் முடிவு செய்யும் முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. இதற்கும் ஓர் அறிக்கை வெளியிடுங்கள், அதைத் தமிழிலும் வெளியிடுங்கள். இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் சின்னக் கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம். எந்த செட் எந்த டவரை எடுக்கவில்லை என்று எங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறோம். விவாதத்துக்கு அழைத்தால் திருச்சிக்கோ சென்னைக்கோ கடையை அடைத்துவிட்டு வருகிறோம்.

நன்றியுடன்,
அறந்தாங்கியிலிருந்து ஒரு கைப்பேசிக் கடைக்காரர்