கொளச்சல் லேத்து அண்ணனுக்கும் புல்லி தேடி அலைஞ்ச எல்லாருக்கும்

டெலஸ்கோப்ப தாங்கி நட்சத்திரத்துக்கு பின்னாலயே திருப்புற மவுண்ட் ஓடுது மக்கா. மொதல்ல அத சொல்லிடுதேன், காலைல இருந்து ஒவ்வொருத்தரா போன் பண்ணி "என்னாச்சு, சரியாச்சா"ன்னு கேட்டுட்டே இருக்கீங்க. நேத்து ராத்திரி பிள்ளைங்க எல்லாம் வரிசையில நின்னு ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கூட்டத்த பாத்தாச்சு. கண்ண வச்சு பாக்குற ஐபீஸுக்கு நடுவுல வச்சது நடுவுலயே இருந்துச்சு, ஒரு பிள்ள கூட "அங்கிள் காணோம்"னு கூப்பிடல. எனக்கு அது போதும், நான் இன்னும் சரியா தூங்கல, அதனால எழுதுறது முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கிடுங்க.

பெல்ட்டு ஓடுற பல்லு சக்கரம், அதான் புல்லி, அது இல்லாம மவுண்ட் முடங்கிக் கிடந்தது எல்லாருக்கும் தெரியும், அந்தக் கதைய திரும்ப இழுக்கல. உதவி பண்ணவங்கள பத்தி மட்டும் சொல்லிடுதேன்.

சென்னை ரிச்சி தெருவுல வெயில்ல கடை கடையா ஏறி இறங்கி, ஒவ்வொரு புல்லியயும் போட்டோ எடுத்து "இதுவா, இதுவா"ன்னு அனுப்பிட்டே இருந்த தம்பிக்கு, ஷார்ஜால இருந்து "நான் வரும்போது வாங்கிட்டு வாரேன், ஆனா லீவு ஜூலைலதான்"ன்னு சொல்லிட்டு பிறகு ரூம்ல கூட இருக்கவரு ஊருக்கு வாராருன்னு தெரிஞ்சதும் அவரு பெட்டியில பெல்ட்ட திணிச்சு அனுப்பின மச்சானுக்கு, வடசேரியில பழைய ஜெராக்ஸ் மெஷின பிரிச்சு போட்டு "வேணும்னா எல்லாத்தையும் அள்ளிக்கோ"ன்னு சொன்ன மெக்கானிக் அண்ணாச்சிக்கு, ஆம்னி பஸ்ல பார்சல வாங்கி ராத்திரி முழுக்க தன் சீட்டு பக்கத்துலயே வச்சிருந்து கொண்டு தந்த டிரைவருக்கு, தன்னோட மவுண்ட்டயே "ஒரு வாரம் நீ வச்சுக்கோ"ன்னு சொன்ன திருநெல்வேலி சாருக்கு, எல்லாருக்கும் சேத்து ஒரு பெரிய நன்றி. தனித்தனியா எழுதணும்னா இன்னைக்கு முடியாது.

3டி பிரிண்டர் வச்சு ஏதேதோ செஞ்சிட்டு இருக்க இஞ்சினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன மட்டும் தனியா சொல்லணும். ஜெராக்ஸ் மெஷின்ல கிடைச்ச புல்லியும் பாக்க அதே மாதிரிதான் இருந்துச்சு, பல்லு எண்ணிக்கையும் ஒண்ணுதான், நாங்க எல்லாம் சந்தோஷத்துல இருந்தோம். அவன் மட்டும் "அண்ணே, ஸ்கேல வச்சு 20 பல்லு தூரத்த அளந்து சொல்லுங்க"ன்னான். ஜிடி2ங்கிற வகை பெல்ட்டுன்னா பல்லுக்கு பல்லு 2 மில்லி, 20 பல்லுக்கு 40 மில்லி வரும். எம்எக்ஸ்எல்ங்கிற வேற வகைன்னா 2.032 மில்லி, அப்ப 40.64 வரும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலதான், ஆனா 60 பல்லு சுத்தி வாரதுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு பல்லு அளவு தள்ளிப்போயிடும், அது பெல்ட்டயும் தின்னும் பல்லயும் தின்னும். ஜெராக்ஸ் புல்லி எம்எக்ஸ்எல். நம்மளுக்கு வேண்டியது ஜிடி2. சின்ன புல்லில 16 பல்லு இருக்க இடத்துல 15 கிடைச்சிருக்கு, போட்டுப் பாப்போமான்னு ஒருத்தரு கேட்டப்பவும் அவன்தான் தடுத்தான், ஏன்னா மோட்டார ஓட்டுற கண்ட்ரோலருக்கு அது தெரியாது, அது பழைய கணக்குலயே ஓட்டும், நட்சத்திரம் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட ஒரு ஆர்க்மினிட் (ஒரு டிகிரில 60ல ஒரு பங்கு) நழுவும், அரை மணி நேரத்துல ஒரு நிலா அகலத்துக்கு போயிருக்கும். தம்பி, நீ நல்லா இருக்கணும்.

இனி கொளச்சல் அண்ணன். பேரு போடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு, அதனால லேத்து அண்ணன்.

சரியான 60 பல்லு புல்லி கடைசில கிடைச்சுது, ஆனா ஓட்டை 8 மில்லி. நம்ம மவுண்ட் யாரோ எப்பவோ கியர கழட்டிட்டு பெல்ட்டுக்கு மாத்தின பழைய மவுண்ட், ஷாஃப்ட் அதவிட சின்னது. நடுவுல ஓட்டைய சின்னதாக்குற வளையம், பித்தள புஷ் ஒண்ணு லேத்துல கடைஞ்சு போடணும். நாகர்கோயில்ல கேட்ட இடத்துல எல்லாம் "இவ்வளவு பொடிசா, எடுக்க மாட்டோம்"னுட்டாங்க, அவங்கள குறை சொல்லல, அவங்களுக்க வேலை வேற. கொளச்சல்ல மீன்பிடி போட்டுக்கு வேலை செய்யுத பட்டறை ஒண்ணு இருக்கு, அங்க கேட்டுப் பாருன்னு மீன் வாங்கப் போன இடத்துல ஒருத்தரு சொன்னாரு. போனா வாசல்ல ஒரு ஆள் உயரத்துக்கு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சாத்தி வச்சிருக்கு. அதுக்கு முன்னால நான் ஒரு சின்ன அலுமினிய புல்லிய நீட்டிட்டு நிக்கேன். எனக்கே வெக்கமாதான் இருந்துச்சு.

"இது எதுக்குள்ளதாக்கும்?"னு கேட்டாரு. டெலஸ்கோப்புன்னேன். "வெள்ளி பாக்குததா? எங்கப்பன் காலத்துல வெள்ளி பாத்துதான் கரைக்கு வந்தாங்க, இப்ப பயலுவளுக்கு ஜிபிஎஸ் செத்தா வழி தெரியாது"ன்னு சிரிச்சாரு. அதுக்கு அடுத்து கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். "எவ்வளவு வர ஆடலாம், சொல்லு."

அதுவரைக்கும் எந்த பட்டறையிலயும் யாரும் அத கேக்கல. நான் சொன்னேன், அண்ணே, இந்த புல்லி 10 நிமிஷம் 38 செகண்டுக்கு ஒரு சுத்து சுத்தும், அது திருப்புற பெரிய சக்கரம், வோர்ம் வீல்ல 135 பல்லு இருக்கு, ஓட்டையோட மையம் 0.1 மில்லி தள்ளி இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் நட்சத்திரம் நடுவுல இருந்து முன்னால ஒரு 8 ஆர்க்செகண்ட், பின்னால ஒரு 8 ஆர்க்செகண்ட் போயிட்டு வரும், வியாழன் கிரகமே 40 ஆர்க்செகண்ட் சுமாருக்குதான் தெரியும். அவரு ஆர்க்செகண்டு என்னன்னு கேக்கல (ஆர்க்மினிட்ல 60ல ஒரு பங்கு). "அப்ப மையம் முக்கியம்"னு மட்டும் சொல்லிட்டு லேத்துல பொருள பிடிக்கிற மூணு தாடை சக்க கழட்டி வச்சிட்டு நாலு தாடை சக்க மாட்டினாரு, அதுல ஒவ்வொரு தாடையயும் தனியா நகத்தி மையம் பிடிக்கலாம். புல்லி பல்லு நசுங்கக் கூடாதுன்னு செம்பு தகட்ட சுத்தி வச்சு பிடிச்சாரு. புஷ்ஷ மொதல்ல இறுக்கமா அடிச்சு உள்ள ஏத்திட்டு, பிறகுதான் அதுல ஓட்டைய போரிங் டூல்ல எடுத்தாரு, வெறும் ட்ரில்லு போட்டா பிட்டு அதுபாட்டுக்கு வழுக்கிட்டு போகுமாம்.

அந்த நேரத்துல வெளிய ஒரு போட்டுக்காரரு நிக்காரு. மேற்கு கரையில ஜூன் 1 தடைக்காலம் தொடங்கிடும், அதுக்கு முன்னால ஒரு ஓட்டம் போயிட்டு வரணும், அவருக்க ஷாஃப்ட் உள்ள கிடக்கு. நியாயமா எனக்க புல்லிய தூக்கி எறியச் சொல்லியிருக்கணும். அவரு உள்ள வந்து எங்க கூட நின்னு ஆட்டத்த அளக்குற டயல் கேஜ் முள்ள பாத்துட்டு இருந்தாரு. அவருக்கும் நன்றி, யாருன்னே தெரியாது.

முடிச்சு டயல் கேஜ் வச்சு சுத்திப் பாத்தா முள்ளு எட்டு கோடு ஆடுச்சு. ஒரு கோடு 0.01 மில்லி, மொத்த ஆட்டம் 0.08, அதுல பாதி, மையம் 0.04 தள்ளி. கணக்கு போட்டா 3 ஆர்க்செகண்ட், பிள்ளைங்க கண்ணால பாக்குததுக்கு தாராளம். நான் "போதும்ணே, நல்லாருக்கு"ன்னேன். அவரு என்ன பாக்கவே இல்ல. "நீ போதும்ங்க, முள்ளு சொல்லலியே"ன்னுட்டு புஷ்ஷ தட்டி வெளிய எடுத்து ஸ்க்ராப்புல போட்டாரு. புது பித்தள ராடு வெட்டி, மறுபடியும் மொதல்ல இருந்து. போட்டுக்காரரு சாயா வாங்கிட்டு வந்தாரு.

ரெண்டாவது தடவ முள்ளு ரெண்டு கோடு கூட முழுசா அசையல. ஒரு ஆர்க்செகண்டுக்கும் கீழ. இந்த மனுஷனுக்கும் ஆகாசத்துக்கும் என்ன சம்பந்தம், நான் போனதுக்கு அப்புறம் அந்த புல்லி ஆடினா என்ன ஆடாட்டி என்ன, அவருக்கு யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல, கஸ்டமரே போதும்னு சொல்லியாச்சு. இதத்தான் ராத்திரி பூரா யோசிச்சிட்டு கிடந்தேன், பதில் ஒண்ணும் கிடைக்கல.

காசு வாங்கலன்னு எழுதினா அழகா இருக்கும், ஆனா வாங்கினாரு, ஒரு புஷ்ஷுக்கு உள்ள கூலி. ரெண்டாவது புஷ்ஷுக்கு கேட்டதுக்கு "அது எனக்குள்ளது"ன்னுட்டாரு. கிளம்பும்போது எனக்க கையில இருந்த ஆலன் கீய வாங்கிப் பாத்தாரு. புல்லிய ஷாஃப்ட்டோட பிடிச்சு வைக்கிற எம்3 க்ரப் ஸ்க்ரூவுக்கு உள்ள 1.5 மில்லி கீ, முனை மழுங்கி உருண்டு போயிருக்கு. ஒண்ணும் சொல்லாம கிரைண்டர்ல முனைய ரெண்டு மில்லி தேய்ச்சு தந்தாரு, உள்ள புது முனை, ஆறு பட்டையும் கூர்மையா. "இத வச்சு முடுக்கியிருந்தா ஸ்க்ரூ குழியையும் கெடுத்திருப்ப"ன்னாரு. நேத்து சாயங்காலம் மொட்டமாடில டார்ச்ச வாயில கடிச்சிட்டு அந்த க்ரப் ஸ்க்ரூவ முடுக்கும்போது கீ கொஞ்சம் கூட வழுக்கல, சத்தியமா எனக்கு அப்பதான் கண்ணு கலங்குச்சு, புல்லிய மாட்டும்போது கூட இல்ல.

அப்புறம் நம்ம ஊரு தொல்லை இருக்கே, மவுண்ட்டோட அச்ச துருவ நட்சத்திரம் பக்கம் நேரா வைக்கணும், ஆனா அது நமக்கு 8 டிகிரி உயரத்துலதான், அதுவும் தென்னந்தோப்புக்கு பின்னால. தெற்குலயும் கிழக்குலயும் நட்சத்திரம் நகருதத பாத்து பாத்துதான் அச்ச சரி பண்ணணும், புல்லி ஆடினா அதுவும் சேந்து குழப்பும், எது அச்சு தப்பு எது புல்லி தப்புன்னே தெரியாது. நேத்து அந்தக் குழப்பம் இல்ல. ஆனா அதே ஊருதான் ஒமேகா செண்டாரிய நமக்கு 34 டிகிரி உயரத்துல தருது, டெல்லிக்காரங்களுக்கு 14தான், அங்க உள்ள புகையில என்னத்த பாக்க. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம் ஒண்ணா கூடிக்கிடக்க கூட்டம், ஒரு சின்ன பிள்ள பாத்துட்டு "யாரு சீனி கொட்டுனா"ன்னு கேட்டுது.

தடைக்காலம் தொடங்கினதும், போட்டு எல்லாம் கரையில கிடக்கும்போது, மழை விடுற ஒரு ராத்திரி டெலஸ்கோப்ப கொளச்சல் கடப்புறத்துக்கு கொண்டு போகப் போறேன். லேத்து அண்ணன் குடும்பம், அந்த போட்டுக்காரரு, வார எல்லாரும் பாக்கட்டும். உப்புக்காத்துல ஸ்க்ரூ துரு பிடிக்கும்னு பயந்து இத்தன நாளும் கடப்புறம் பக்கமே கொண்டு போனதில்ல. பிடிச்சா பிடிக்கட்டும், துடைச்சு எண்ண போட்டுக்கிடலாம்.

ஒரு விஷயம், 60 பல்லு ஜிடி2 புல்லி ஒண்ணும் 16 பல்லு ரெண்டும் எங்கிட்ட மிச்சம் இருக்கு, பெல்ட்டும் ஒண்ணு இருக்கு. குமரி, நெல்லை, தூத்துக்குடி பக்கம் யாருக்காவது மவுண்ட் இப்படி முடங்கினா சொல்லுங்க, காசு வேண்டாம், ஷாஃப்ட் அளவ மட்டும் வெர்னியர்ல சரியா எடுத்துட்டு வாங்க. புஷ் கடைய நானே கொளச்சலுக்கு கூட்டிட்டு போறேன்.