சலூனில் அரசியல் பேசாதீர் என்று எழுதி மாட்டிய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ள வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடிக்கு மேலே, முருகன் படத்துக்கும் கட்டிங், ஷேவிங் விலைப் பட்டியலுக்கும் நடுவில், புதிதாக ஓர் அட்டை. 'தயவுசெய்து இங்கு அரசியல் பேசாதீர்கள்.' கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பெஞ்சில் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அட்டை யாருக்காக எழுதியது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நேரில் பேச வந்தால் மறுபடியும் குரல் ஏறிவிடும். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நடந்த சண்டைக்கு நாலு பேர் பார்க்க மன்னிப்புக் கேட்பதுதான் முறை, அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

இந்த 2024 தேர்தல் நமக்கு வாய்த்த விதம் அப்படி. ஏழு கட்டத் தேர்தலில் தமிழ்நாடு முதல் கட்டம். ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டாயிற்று, எண்ணுவது ஜூன் 4. நடுவில் 46 நாள். இயந்திரங்களை ஸ்ட்ராங் ரூமில் வைத்து சீல் வைத்துவிட்டார்கள். நம் வாய்க்கு யார் சீல் வைப்பது? விரலில் வைத்த மை நகத்தோடு சேர்ந்து மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு என் கன்னத்தில் நுரை தடவும்போது உங்கள் விரலிலும் பார்த்தேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நான் நாற்காலியில், பாதி முகம் மழித்தும் பாதி நுரையுமாக. வாத்தியார் பின்னால் பெஞ்சில், பேப்பரோடு. உங்கள் கடையில் நாங்கள் எல்லோரும் கண்ணாடி வழியாகத்தான் சண்டை போடுவோம், நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. 'தமிழ்நாடு டெல்லிக்கு ஒரு ரூபாய் வரி கொடுத்தா 29 பைசாதான் திரும்பி வருது, இது எந்த ஊர் நியாயம்?' என்றேன். பிரசாரம் முழுக்கக் காதில் விழுந்த கணக்கு. வாத்தியார் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, 'அப்படிப் பார்த்தா மெட்ராஸ்காரன் ராமநாதபுரத்தானைப் பார்த்து இதையே கேட்கலாமே தம்பி' என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராதவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். 'உங்களுக்கென்ன சார், ஒண்ணாம் தேதி ஆனா பென்ஷன் வந்து விழுந்திடுது' என்றேன்.

உங்கள் கை நின்றது. 'பேசாதீங்க தம்பி, பிளேடு பட்டிடும்' என்றீர்கள். வாத்தியார் எழுந்து, ஷேவ் பண்ணிக்கொள்ளாமலே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வெயிலில் குடையை விரிக்கக்கூட இல்லை.

அரசியல் பேசினதால் வந்த சண்டையா இது, அண்ணே? வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரை ஒரு வம்பும் இல்லை. நான் அதை விட்டுவிட்டு அவர் பாஸ்புக்குக்குள் கை விட்டேன். அங்கேதான் கெட்டது.

வீட்டுக்குப் போய் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தவன் என்ற திமிரில் பேசுகிறவன் கணக்கைப் பார்க்காமலே பேசியிருக்கிறேன்.

மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களோடு பங்குபோட வேண்டிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து என்று 15-ஆவது நிதிக் குழு சொல்லியிருக்கிறது, 2021 முதல் 2026 வரைக்கும். அந்த மாநிலப் பங்கை 100 என்று வைத்துக்கொண்டால் நமக்கு 4.079. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058. 13-ஆவது குழு நமக்கு 4.969 கொடுத்தது, 14-ஆவது குழு 4.023 ஆக்கிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் நாம் சுமார் 6 சதவீதம். இதைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். என் கோபம் பொய்யில்லை.

ஆனால் பங்கு பிரிக்கும் விதியைப் பார்த்தபோது வாத்தியார் பக்கமும் கொஞ்சம் தெரிந்தது. 15-ஆவது குழுவின் கணக்கில் 100-க்கு 45 மதிப்பெண், அந்த மாநிலத்து மனிதனின் சராசரி வருமானம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதற்கு. ஏழை மாநிலத்துக்குக் கூடப் போவது ஓட்டை வழியாக ஒழுகி இல்லை, அப்படித்தான் விதியே. 2018-இல் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்கள் என்று மத்திய அரசு எடுத்த பட்டியலில் நம் மாநிலத்திலிருந்து இரண்டு மாவட்டங்கள்: ராமநாதபுரம், விருதுநகர். வாத்தியார் வாயில் ராமநாதபுரம் சும்மா வரவில்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு 2011 கணக்கெடுப்பை வைத்துப் பங்கு போட்டால் நஷ்டம் என்பதால், அதை ஈடுகட்ட 12.5 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். அது போதுமா என்றால் போதாது என்பேன். அதைத்தான் அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த 'ஒரு ரூபாய்'. நாம் கொடுத்த ரூபாய் எது என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது. மும்பையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி நம் தெருமுனைப் பெட்டிக்கடை வரை சோப்பு விற்கிறது, அதன் வருமான வரி பெரும்பாலும் மும்பைக் கணக்கில்தான் ஏறும். இங்கே பதிவான கம்பெனி பீகாரில் விற்றால் அது நம் கணக்கில். 29 பைசாவைப் பிடித்துக்கொண்டு ஆடிய நான், அதற்கு மேலே நிற்கிற ரூபாயைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

சரி, அதற்காக வாத்தியார் சொன்னதே முழுக்கச் சரி என்று ஒப்புக்கொள்வேனா? அதெப்படி. அவர் உதாரணம் தொகுப்புக்குள் வரும் பணத்துக்குத்தான் பொருந்தும். தொகுப்புக்குள்ளேயே வராத பணம் இருக்கிறதே! செஸ் (இன்ன செலவுக்கு என்று தனியாக வாங்கும் வரி), கூடுதல் வரி என்ற பெயரில் மத்திய அரசு வாங்குவதை மாநிலங்களோடு பங்குபோடத் தேவையில்லை.

உங்கள் கடை வாசலில் நிற்கிற என் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் தேதி அறிவித்தது மார்ச் 16. முந்தின நாள்தான் பெட்ரோல் விலை இறங்கியது, சென்னையில் 102.63-லிருந்து 100.75. (அந்த ஒரு நாள் இடைவெளியைப் பற்றி நீங்கள் அடித்த கமெண்டை இங்கே எழுத முடியாது.) இந்த 2024 நிலவரப்படி ஒரு லிட்டரில் மத்திய அரசின் கலால் வரி 19 ரூபாய் 90 காசு. அதில் பங்குபோட வேண்டிய அடிப்படை வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு. மிச்சம் 18 ரூபாய் 50 காசு, விவசாய செஸ், சாலை செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்று அப்படியே டெல்லியில் நின்றுவிடும். 1.40-இல் 41 சதவீதம் என்றால் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து 57 காசு. அதில் நம் 4.079-ஐப் போட்டுப் பார்த்தேன். 2.3 காசு வந்தது. கால்குலேட்டரை மூன்று தடவை தட்டினேன்.

துள்ளிக் குதித்தேன். வாத்தியாரை மடக்க இது போதும் என்று ஒரு தாளில் அழகாக எழுதியும் வைத்தேன். எழுதி முடித்த பிறகுதான், இதே லிட்டரில் மாநில வரி எவ்வளவு என்று பார்க்கவே இல்லையே என்று உறைத்தது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வராது, அதனால் தொழிலிலும் நான் அதைத் தொட்டதில்லை. பார்த்தேன். தமிழ்நாட்டு வாட் 13 சதவீதம், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. கூட்டினால் 20 ரூபாயைத் தாண்டுகிறது. மத்திய கலாலைவிடக் கூட. 2021-இல் மூன்று ரூபாய் குறைத்த பிறகும் இதுதான் நிலைமை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் அதையும் எழுதினேன், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

இதெல்லாம் எனக்கும் வாத்தியாருக்கும் உள்ள வழக்கு. உங்களிடம் எனக்குத் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது.

வாத்தியார் போன பிறகு என் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னீர்கள். 'வரி கட்டறவங்க நீங்க ரெண்டு பேரும். நான் கட்டறதில்ல, எனக்கு இந்தப் பேச்சே வேணாம் தம்பி.' அட்டையைவிட அதுதான் எனக்கு வலித்தது. முந்தின வாரம் பேங்கிலிருந்து ரிட்டயரான அந்தப் பெரியவர், பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுப்பதைப் பற்றி 'நம்ம வரிப் பணத்துல இலவசம்' என்று பொரிந்தார் அல்லவா, அப்போது நீங்கள் ஒன்றும் பேசாமல் ஏற்கெனவே துடைத்த சீப்பையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணிக்கும் அந்தப் பணம் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அண்ணே, நீங்கள் வரி கட்டுகிறீர்கள். இந்த 2024-இல் அந்த ஷேவிங் கிரீமுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கழுத்தில் அடிக்கிற பவுடருக்கும் 18. நூறு ரூபாய் கொடுத்து வாங்கினால் அதில் 15 ரூபாய் 25 காசு வரி. நான் கணக்குப் பார்க்கும் ஒரு பெரிய பார்லர்காரரும் அதே கிரீமைத்தான் வாங்குகிறார். இந்த 2024 விதிப்படி அவர் வாங்கும்போது கொடுத்த வரியை, வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியில் கழித்துக்கொள்வார். கழித்துக் கொடுப்பதே நான்தான். உங்களைப் போல வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ளவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாததால் கழிக்கவும் வழியில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். வருமான வரி கட்டுகிறவனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஃபாரத்தில் தொகை தெரியும், அதனால் மார் தட்டிக்கொள்கிறான். உங்களுடையது பாட்டிலிலும் டப்பாவிலும் கரைந்து போவதால் உங்களுக்கே தெரிவதில்லை.

அந்த 18-ஐ யார் முடிவு செய்கிறார்கள் என்றால், ஜிஎஸ்டி கவுன்சில். ஓட்டெடுப்பு என்று வந்தால் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. நாலில் மூன்று பங்கு சேர்ந்தால்தான் எதுவும் நிறைவேறும். அதாவது மத்திய அரசு வேண்டாம் என்றால் எல்லா மாநிலமும் ஒன்று சேர்ந்தாலும் நடக்காது. மத்திய அரசு மட்டும் வேண்டும் என்றாலும் நடக்காது. ஆகவே உங்கள் கிரீமுக்கு இரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டியவர்கள். பேங்க்காரர் அடுத்த தடவை 'நம்ம வரிப் பணம்' என்று ஆரம்பித்தால், அந்த 'நம்ம'வில் நீங்களும் அண்ணியும் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். 2019-இல் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று மத்திய அரசே சொன்னது, அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். முதலீடு வரும், வேலை வரும் என்று அவர் ஒரு பதில் சொல்வார், அதிலும் விஷயம் இருக்கிறது. அந்தப் பதிலை உங்கள் கடையில் வைத்துக் கேட்கத்தான் எனக்கு ஆசை.

வேறு எங்கே கேட்பது? எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கட்சிக்காரர்கள் மொத்தமாக வெளியேறி வேறு குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். டிவியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஆபீசில் முதலாளி எந்தக் கட்சியோ அதுதான் எல்லோருக்கும் கட்சி. உங்கள் பெஞ்சில் மட்டும்தான் வாத்தியாரும் நானும் பேங்க்காரரும் ஆட்டோக்காரரும் தொடை இடிக்க உட்கார்ந்தாக வேண்டும். பிடிக்காவிட்டாலும் முறை வரும் வரை எழுந்து போக முடியாது. பாதி ஷேவோடு நான் எங்கே ஓடுவேன்?

வியாபாரம் கெடுகிறது என்ற உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்கு வாத்தியாரின் ஷேவ் போயிற்று, அது என்னால் போன நஷ்டம். அட்டை இருந்தே தீர வேண்டும் என்றால் இருக்கட்டும், 'அடுத்தவர் வருமானத்தைப் பற்றிப் பேசாதீர்' என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் பேனா நான் வாங்கித் தருகிறேன்.

முடி காதை மூடிவிட்டது. வேறு கடைக்குப் போகவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். உங்களுக்கும் அன்றைக்குக் கடை லீவுதானே, நீங்களும் கூட வாருங்கள் அண்ணே. தனியாகப் போக எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. முடிந்தால் கத்தி, பிரஷ் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அன்றைய ஷேவ் பாக்கி இருக்கிறது. பெட்ரோல் கணக்கு எழுதின தாளை நான் கொண்டுவருகிறேன். மாநில வரி எழுதியிருக்கும் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை தம்பி