பூட்டிய மலசலகூடங்களைத் திறந்து வையுங்கள்: கொழும்பின் பொது இடங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

பிள்ளைகளுக்குக் கொழும்பு காட்டவென்று விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் குடும்பங்கள் எந்த நேரத்தில் இந்நகரில் வந்து இறங்குகின்றன என்பது தாங்கள் அறியாததன்று. இரவு பஸ் விடியுமுன்பே வெள்ளவத்தையில் இறக்கிவிடும்; தங்குவிடுதியில் அறை நண்பகலுக்குப் பின்னரே கிடைக்கும்; தேசிய அருங்காட்சியகமும் தெகிவளை மிருகக்காட்சிசாலையும் கதவு திறக்க இன்னும் சில மணிநேரம் இருக்கும். இடைப்பட்ட பொழுதைப் பயணப் பைகளோடு கடற்கரையிலோ பூங்காவிலோ கழிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. அந்த நேரத்தில்தான் தங்கள் பொறுப்பிலுள்ள மலசலகூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

கடந்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று நாங்கள் போன இடத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. எழுதினால், விசாரணை என்ற பெயரில் பழி அங்கு நிற்கும் காவலாளியின் தலையில்தான் போய் முடியும். திறப்பு தன்னிடம் இல்லை என்றும், அதை வைத்திருப்பவர் விடுமுறையில் நிற்கிறார் என்றும் அவர் மரியாதையாகவே சொன்னார். எழுபது வயதைக் கடந்த என் தாயார் நீரிழிவு நோயாளி. முதல்நாள் பஸ் ஏறுவதற்கு முன்பிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. வெயில் ஏறிய பின்னும், "இப்ப வேண்டாம் தம்பி, பிறகு குடிக்கிறன்" என்று போத்தலைத் தள்ளிவிட்டார். பயணம் புறப்படும் எங்கள் பெண்கள் பலரின் வழக்கம் இதுவே. அருகிலிருந்த என் மகளும் அன்று போத்தலைத் தொடவில்லை. கடைசியில் ஓர் உணவகத்துக்குள் நுழைந்தோம். சும்மா போய்க் கேட்கக் கூச்சப்பட்டு எல்லோருக்கும் தேநீர் சொன்னோம். அந்தத் தேநீரே சற்று நேரத்தில் அடுத்த உணவகத்தைத் தேட வைத்தது.

புதிதாக எதையும் கட்டித்தரும்படி நாங்கள் கேட்கவில்லை. கட்டியிருப்பவற்றை, மக்கள் நடமாடத் தொடங்கும் விடிகாலையிலிருந்து அவர்கள் கலைந்துபோகும் இரவு வரை, விடுமுறை நாட்கள் உட்பட, திறந்து வையுங்கள் என்றே கேட்கிறோம். கட்டணம் அறவிடுவதாயின் தரத் தயாராகவே இருக்கிறோம்.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் நிற்கிறது. 1856இல் தொடங்கி 1859இல் முடிக்கப்பட்ட அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலன் கருதித் தமக்குப் பின் வருவோரிடம் ஆளுநர் ஹென்றி வார்ட் ஒப்படைத்த செய்தியை அதில் வாசிக்கலாம். கடற்காற்று வாங்க வரும் பெண்களும் பிள்ளைகளும் அந்நிய ஆட்சியாளர் ஒருவருக்குக்கூட நினைவில் இருந்திருக்கிறார்கள். பின் வந்தவர்கள் ஏறக்குறைய 350 மீற்றர் உயரத்துக்குத் தாமரைக் கோபுரம் எழுப்பினார்கள்; இரவில் அது நிறம் மாறி ஒளிர்வதைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து மகிழ்கிறார்கள், நல்லதே. ஆனால் நகரை அழகுபடுத்துவதில் காட்டும் ஊக்கம் அந்நகரைப் பார்க்க வருபவரின் உடலைப் பற்றி நினைப்பதில் இல்லை. நாங்கள் போன இடத்தில், அந்தப் போயா நாளிலும் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பூட்டிய கதவுக்கு மேலே, கட்டடத்தைத் திறந்து வைத்த பிரமுகரின் பெயர் பொறித்த பளிங்குக் கல்லும் தூசியின்றித் துடைக்கப்பட்டிருந்தது. ஒரு பூட்டைத் திறப்பதற்கு மட்டும் ஆளணி போதவில்லை போலும்.

கோபத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பணிவாகவே கேட்கிறேன்: இருக்கும் மலசலகூடங்களைத் திறந்து வையுங்கள். திறப்பை, கடமையிலிருக்கும் காவலாளியிடமே விட்டு வையுங்கள். திறந்திருக்கும் நேரத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசலில் எழுதி, பூட்டியிருந்தால் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கத்தையும் அதன்கீழ் இடுங்கள். அழைத்தால் எடுப்பதற்கு ஒருவரையும் நியமியுங்கள். டிசெம்பர் விடுமுறைக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் குடும்பங்கள் வரத் தொடங்குமுன் இதைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்துடன் வந்த பயணி ஒருவன்