மிதவை டியூபில் எக்கோ சவுண்டர்: மீன் படத்தை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றடைத்த மிதவை டியூபில் உட்கார்ந்து தூண்டில் போடுவோர், ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கையடக்க எக்கோ சவுண்டர் வாங்கி மாட்டுகிறார்கள். கூடவே வரும் கையேடு பெரும்பாலும் படகை மனத்தில் வைத்து எழுதியது. அதனால் 'திரையில் ஒன்றும் தெரியவில்லை' என்று கருவியைக் குறை சொல்லுமுன், அதைப் பொருத்திய விதத்தைப் பாருங்கள்.

பெரும்பாலான கோளாறுக்குக் காரணம் சாய்வு. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசரைக் கரையில் வைத்து மட்டமாக மாட்டிவிடுகிறார்கள். ஆள் உட்கார்ந்ததும் டியூபின் பின்பக்கம் தாழ்கிறது, டிரான்ஸ்டியூசரும் சாய்கிறது. அது அனுப்பும் ஒலி கூம்பு வடிவில் கீழே விரியும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் அந்தக் கூம்பின் அகலம் பல கருவிகளில் சுமார் 20 டிகிரிதான். 15 டிகிரி சாய்ந்தாலே நமக்கு நேர் கீழே உள்ள இடம் கூம்புக்கு வெளியே போய்விடும். இடுப்பளவு தண்ணீரில் டியூபில் உட்கார்ந்துகொண்டு, கூட ஒருவரைப் பார்க்கச் சொல்லி மட்டம் சரிசெய்வதே முறை.

டிரான்ஸ்டியூசரைத் தாங்க அரை அங்குல பி.வி.சி. குழாயில் கை செய்து, பலகைத் துண்டில் பொருத்தி, அந்தப் பலகையை வாரால் டியூபின் பக்கவாட்டில் கட்டுங்கள். டியூபில் ஆணியோ திருகோ படவே கூடாது. டிரான்ஸ்டியூசரின் முகம் தண்ணீருக்குள் 5 முதல் 8 சென்டிமீட்டர் இருந்தால் போதும். காலில் மாட்டும் துடுப்புச் செருப்பால் உதைத்தால் டியூப் பின்னோக்கி நகரும், குமிழி காலுக்கு முன்னால் கிளம்பும். ஆகவே டிரான்ஸ்டியூசரை முதுகுப்பக்கம் தள்ளி வையுங்கள். காலருகே வைத்தால் இரண்டு மூன்றடி ஆழத்தில் ஓயாமல் ஒரு கோடு ஓடும். அது உங்கள் கால். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் குமிழி ஒட்டினாலும் ஒலி கீழே இறங்காது. சோப்பு நீரால் துடைத்துவிட்டு இறக்குங்கள். கரையேறும்போது குழாய்க் கையை மேலே தூக்க மறந்தால் டிரான்ஸ்டியூசர் பாறையில் மோதி உடையும்.

கருவிக்கு மின்சாரம் தரும் பேட்டரிக்கு வருவோம். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் அதில் பாதிதான். மூடியைத் திறந்து நீர் ஊற்றும் பைக் பேட்டரி வேண்டவே வேண்டாம், சாய்ந்தால் ஆசிட் வழியும். சிவப்பு ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கையேடு சொல்லும் ஃபியூஸைப் போடுங்கள். பேட்டரியை நீர் புகாத பையிலிட்டு டிரான்ஸ்டியூசருக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் டியூப் ஒருபக்கம் சரியாது.

திரையைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. 20 டிகிரிக் கூம்பு, 30 அடி ஆழத்தில் பத்தரை அடி வட்டத்தைத்தான் பார்க்கும். பத்தடி ஆழக் குளத்தில் மூன்றரை அடி. திரையின் வலது ஓரம்தான் இந்த நொடி, மற்றதெல்லாம் கடந்தது. டியூப் அசையாமல் நின்றால், நிற்கும் மீனும் வழக்கமான வில் வளைவாகத் தெரியாது, நீண்ட கோடாகவே தெரியும். எதிரொலியை மீன் படமாக மாற்றிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். தாமரைத் தண்டையும் பாசியையும்கூட அது மீனாக்கிவிடும். டிரான்ஸ்டியூசர் ஒயர் கழன்றால் சில கருவிகள் கடையில் காட்டும் மாதிரிக் காட்சியை (டெமோ) ஓட்டும், அதில் மீன் கூட்டம் கூட்டமாக வரும். ஏமாற வேண்டாம். இந்தக் கருவியின் உண்மையான பயன் ஆழமும் அடித்தரையும்தான். பாறையும் சரளும் தடித்த கோடாக, சில நேரம் இரட்டை எதிரொலியோடு வரும். சேறு மெலிந்து மங்கும். மேடு பள்ளமாகும் விளிம்பைக் கண்டுபிடித்து அங்கே தூண்டில் போடுங்கள். கறுப்புக் கண்ணாடியில் திரை இருண்டால் தலையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், போலரைஸ்டு கண்ணாடியின் குணம் அது.

தங்கள் நாளிதழில் வரும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டம் அணையின் அளவுகோலில் பார்த்தது. நாம் மிதக்கும் இடத்தின் ஆழம் அதுவல்ல. அணையில் இறங்க அனுமதியும், குளமென்றால் மீன்பாசிக் குத்தகைதாரரின் சம்மதமும் வேண்டும். 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் குளங்களைப் பறவைகளுக்கே விட்டுவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாளில் தோவாளைப் பக்கக் குளங்களில் டியூபை இறக்க வேண்டாம். காலால் உதைத்து அந்தக் காற்றை எதிர்க்க முடியாது. கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறியின்றி எழும் பேரலை, ஏறும் நம் கடற்கரைக்கு டியூப் எந்த நாளிலும் ஆகாது. உயிர்காப்புச் சட்டை இல்லாதவருக்கு டியூபையோ கருவியையோ கடைக்காரர்கள் விற்காதிருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.